ஆங்கில இலக்கணம், ஆறாவது முதல் எட்டாவது வரை: கேள்வி பதில்

நடுநிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை நான். பெற்றோரும் பிள்ளைகளும் டியூஷன் எடுப்பவர்களும் கேட்டவற்றில், பலருக்கும் பொதுவாக இருந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி (ஏழாவது படிக்கும் பெண்ணின் அம்மா): மிஸ், கோடிட்ட இடத்தை நிரப்புவதில் என் மகள் முழு மதிப்பெண் வாங்குகிறாள். சொந்தமாக ஐந்து வரி எழுதச் சொன்னால் வரிக்கு ஒரு பிழை. ஏன் இப்படி?

பதில்: ஏனென்றால் கோடிட்ட இடத்தில் பாதி வேலையைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது. எங்கே எழுத வேண்டும் என்று கோடு காட்டுகிறது. எந்த வினைச்சொல் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மேலே ‘சிம்பிள் பாஸ்ட்’ என்று தலைப்பு வேறு. சொந்த வரியில் இது எல்லாவற்றையும் அவளே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் அவளுக்கு இல்லை.

இரண்டு மாற்றங்கள் செய்து பாருங்கள். முதலாவது, தலைப்பை மறைத்துவிட்டு, மூன்று நான்கு டென்ஸ் கலந்த பயிற்சியைக் கொடுங்கள். எந்த டென்ஸ் என்று கண்டுபிடிப்பதே பயிற்சியில் பாதி.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது: வாக்கியங்களை இணைப்பது. நான்கு குட்டி வாக்கியங்கள் கொடுங்கள். ‘தி டாக் வாஸ் ஸ்மால். தி டாக் பார்க்ட். இட் வாஸ் நைட். தி சைல்ட் வோக் அப்.’ இதை ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள். ஒருத்தி ‘வென் தி ஸ்மால் டாக் பார்க்ட் அட் நைட், தி சைல்ட் வோக் அப்’ என்பாள். இன்னொருத்தி ‘தி சைல்ட் வோக் அப் அட் நைட் பிகாஸ் தி ஸ்மால் டாக் பார்க்ட்’ என்பாள். இரண்டுமே சரி. ஆனால் முதலாவது எப்போது என்று சொல்கிறது, இரண்டாவது ஏன் என்று சொல்கிறது. ‘நீ எதைச் சொல்ல நினைத்தாய்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் கன்ஜங்ஷன் பாடம் முழுவதும் அடங்கிவிடும்.

இது என் விருப்பம் மட்டுமல்ல. ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களின் எழுத்துத் திறன் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வாக்கியம் இணைக்கும் பயிற்சி எழுத்தை மேம்படுத்தியது. இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தியது மேம்படுத்தவில்லை.

கேள்வி (ஆறாவது மாணவன்): மிஸ், விதி எனக்குத் தெரியும். ஆனாலும் ‘ஹி கோ’ என்றுதான் எழுதிவிடுகிறேன். எஸ் மறந்தே போகிறது.

பதில்: கவலைப்படாதே கண்ணா. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளுக்கே அந்த எஸ் தாமதமாகத்தான் வருகிறது. ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சைக் கவனித்து 1973-ல் ஒரு வரிசையை வெளியிட்டார். 14 இலக்கணக் கூறுகளில் ‘கோயிங்’, ‘ஈட்டிங்’ போன்றவற்றில் வரும் ‘இங்’ முதலில் வந்தது. நீ மறக்கிற எஸ் பத்தாவது இடத்தில் இருந்தது.

எழுதும்போது அதை நினைத்துக்கொண்டே இருக்காதே, எழுத்து தடைபடும். எழுதி முடித்தபின், எஸ்ஸுக்காக மட்டும் ஒருமுறை படி. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயின் கீழே கோடு போடு. ஒருவர் அல்லது ஒரு பொருள்தானா, நிகழ்காலம்தானா என்று பார். நீளமான எழுவாயில் ஏமாந்துவிடாதே. ‘தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ்’ என்றால் பெட்டி ஒன்றுதான், அதனால் ‘இஸ்’.

அப்புறம், ‘டஸ்’ வந்துவிட்டால் எஸ்ஸை அதுவே எடுத்துக்கொண்டது. ‘டஸ் ஹி கோ’ போதும். ‘டிட்’டும் அப்படியே. ‘டிட் நாட் கோ’தான், ‘டிட் நாட் வென்ட்’ இல்லை.

கேள்வி (எட்டாவது மாணவனின் அப்பா): பையன் முதலில் தமிழில் யோசித்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுகிறான். இதை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம் சார், நிறுத்தவும் முடியாது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவதை மட்டும் நிறுத்தினால் போதும். ‘நேற்று நூலகத்தில் அவனைப் பார்த்தேன்’ என்பதை அவன் எடுத்துக்கொள்ளட்டும். முதல் கேள்வி, யார்? தமிழில் ‘நான்’ இல்லை, ‘பார்த்தேன்’ என்பதற்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வெளியே எடுத்து வைத்தாக வேண்டும். அடுத்து, என்ன செய்தேன்? கடைசியில் இருக்கும் வினை இரண்டாம் இடத்துக்கு வரும். நூலகத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘இல்’ ஆங்கிலத்தில் முன்னால் போகும். ‘ஐ சா ஹிம் இன் தி லைப்ரரி யெஸ்டர்டே.’ இந்த வரிசை கைக்குப் பழகும்வரை ‘யார், என்ன செய்தார், யாரை, எங்கே, எப்போது’ என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (டியூஷன் எடுப்பவர்): அக்கா, ‘எ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றையும் எப்படிப் புரியவைப்பது? அப்படியே, ப்ரிப்போசிஷன் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: ‘எ’யா ‘ஆன்’னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், சட்டென்று தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ உயிரெழுத்தில் தொடங்குகிறது, அதனால் ‘ஆன் அவர்’. ‘யூனிஃபார்ம்’ யகரத்தில் தொடங்குகிறது, அதனால் ‘எ யூனிஃபார்ம்’. ‘தி’க்கு இந்த வயதில் ஒரு விதி போதும்: முதல்முறை சொல்லும்போது ‘எ’, அதையே மறுபடி சொல்லும்போது ‘தி’. மிச்சமெல்லாம் படிக்கப் படிக்க வரும்.

பட்டியல் வேண்டாம் தம்பி. ‘லிசன் டு’, ‘வெயிட் ஃபார்’, ‘குட் அட்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று ஜோடியாக, ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுங்கள். ‘டிஸ்கஸ்’ஸுக்கு ஜோடியே கிடையாது, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பது பெரியவர்களும் விடாத பிழை.

கேள்வி (எட்டாவது மாணவி): நான் நீளமாக எழுதினால் ‘ரன்-ஆன்’ என்று சிவப்பு மையில் எழுதிவிடுகிறார்கள். கமா போட்டும் ஏன் தப்பு?

பதில்: கமாவுக்கு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டும் பலம் இல்லை, அதனால்தான். ‘இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேட் அட் ஹோம்’ என்று எழுதியிருப்பாய். நடுவில் ஃபுல் ஸ்டாப் வை. அல்லது கமாவுக்குப் பின்னால் ‘ஸோ’ சேர். அல்லது முன்னால் ‘பிகாஸ்’ போடு.

இது எங்கிருந்து வருகிறது தெரியுமா? தமிழில் ‘கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, புத்தகத்தை எடுத்தேன்’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். முற்று கடைசியில் ஒன்றுதான். அந்தக் கை ஆங்கிலத்திலும் கமா போட்டுக்கொண்டே போகிறது. செய்பவர் ஒருவரே என்றால், ‘ஐ ஓபன்ட் தி டோர், ஸ்விட்ச்ட் ஆன் தி லைட் அண்ட் டுக் தி புக்’ என்று அங்கேயும் அடுக்கலாம். நடுவில் ஆள் மாறி, புதிதாக ஒரு ‘வி’யோ ‘ஷி’யோ வந்து வாக்கியம் முழுதானால், வெறும் கமா போதாது.

எதிர்ப்பக்கமும் பார்த்துக்கொள். ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்று எழுதி ஃபுல் ஸ்டாப் வைத்தால் அது பாதி வாக்கியம்தான்.

கேள்வி (ஆறாவது மாணவியின் அம்மா): எழுதியதை எல்லாம் திருத்திக் கொடுக்கிறேன், மறுநாள் அதே பிழைகள்.

பதில்: நீங்கள் திருத்தினால் பயிற்சி உங்களுக்குத்தானே கிடைக்கிறது! ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இன்று இறந்தகாலம் என்றால், எழுத்துப் பிழைகூட உங்கள் கண்ணில் படக்கூடாது. பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், எது பிழை என்று சொல்லாதீர்கள். அவளே தேடட்டும்.

கேள்வி (ஏழாவது மாணவனின் அப்பா): எனக்கு ஆங்கிலம் வராது. நான் எப்படி உதவுவது?

பதில்: எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘யார் செய்தது? எப்போது?’ என்று தமிழில் கேளுங்கள். அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் அதைச் சொல்கிறது என்று அவன் விரல் வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க இடம் இல்லாமல் விழித்தால், ஒன்று எழுவாய் விட்டுப்போயிருக்கும், இல்லை வினையின் காலம் தவறியிருக்கும். அந்த வரியை அவனே மறுபடி எழுதட்டும்.