வைக்கோல், எச்சம், ஆகாயத்தாமரை: சூழலியல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தில் பிறந்தவை. ஆற்றலையும் சத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். சூரியனிடமிருந்து வரும் ஆற்றல் கடைசியில் வெப்பமாகி வெளியேறிவிடும், திரும்பாது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணுக்கும் உயிர்களுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும்.

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் 10% ஆற்றல்தான் மேலே போகும் என்று படிக்கிறோம். எப்போதும் அப்படித்தானா? மீதி எங்கே போகிறது? (பிளஸ் டூ மாணவி)

10% என்பது தோராயமான சராசரி, விதி அல்ல. இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்த சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மன், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடார் பாக் என்ற சிறிய ஏரியை ஆராய்ந்தார். ஏரியின் மேல் விழுந்த வெயிலில் பாசியும் நீர்ச்செடிகளும் பிடித்தது வெறும் 0.1%. அதில் 13.3% தாவர உண்ணிகளுக்குப் போனது. அவற்றிடமிருந்து அடுத்த படிக்கு 22.3%. இரண்டுமே 10 இல்லை, பாருங்கள். முதலில் நிராகரிக்கப்பட்ட அந்தக் கட்டுரை 1942 அக்டோபரில் அச்சேறியது. 26 வயதே ஆன லிண்ட்மன் அதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார்.

மீதியில் ஒரு பங்கு சுவாசத்தில் வெப்பமாகிறது. தின்னாமல் விட்டதும் செரிக்காமல் சாணமாக வெளியேறியதும் பூஞ்சை, பாக்டீரியா போன்ற மட்குண்ணிகளுக்கு உணவு. காட்டில் விளையும் இலைகளில் பெரும்பகுதி பச்சையாகத் தின்னப்படுவதே இல்லை, உதிர்ந்து மட்கித்தான் போகிறது. பாடநூல் படங்களில் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஒரு மூலையில் சின்னதாக வரைவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

கடலில் பிரமிடு தலைகீழாக இருக்குமாமே?

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் உள்ள உயிர்களின் எடையை அடுக்கிக் காட்டும் எடைப் பிரமிடு சில இடங்களில் அப்படி இருக்கும். மிதவைப்பாசி ஓரிரு நாளில் இரட்டிப்பாகி உடனே தின்னப்பட்டுவிடுவதால், எந்த நேரத்தில் எடை போட்டாலும் குறைவாகவே தெரியும். ஆற்றல் பிரமிடு ஒருபோதும் கவிழாது.

மெஷின் அறுவடைக்குப் பிறகு வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. கொளுத்தினால் சாம்பல் உரம்தானே? மடக்கி உழுதால் அடுத்த நடவு மஞ்சளடிக்கிறது. (டெல்டா விவசாயி)

தயவுசெய்து கொளுத்தாதீர்கள். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தீ வைத்தால் அது ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) பெரும்பாலும் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்றும் மழையும் சாம்பலை அடித்துக்கொண்டு போகும். மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமமும் (கார்பன்) நஷ்டம்.

மஞ்சளடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 பங்குக்கும் மேல் கரிமம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தேவையான விகிதமோ 25-க்கு 1 அளவில்தான். பற்றாக்குறைக்கு அவை மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன, பயிர் பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் அந்த நுண்ணுயிர்கள் மடிந்து, எடுத்ததைத் திருப்பித் தந்துவிடும்.

எனவே அறுவடை முடிந்ததும், ஈரம் காய்வதற்குள் மடக்கி உழுங்கள். நடவுக்கு முன் மூன்று நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். கொஞ்சம் சாணக் கரைசல் தெளிக்கலாம். தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கினால் இன்னும் நல்லது, வேர்முடிச்சுகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன்னால் வைக்கோலை உழுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காற்றில்லாத சேற்றில் அது மீத்தேனாக வெளியேறும்.

வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகப் போதும் என்கிறார்கள். உண்மையா?

அறிவியல் அதற்கு ஆதரவாகவே இருக்கிறது. நாரையும் நத்தைகுத்தியும் சுற்றுவட்டார நீர்நிலைகளில் மீனையும் நத்தையையும் தின்றுவிட்டு, கூடு இருக்கும் மரங்களுக்குத் திரும்புகின்றன. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. மணிச்சத்துக்கு வாயு வடிவம் கிடையாது. தண்ணீரோடு பள்ளத்தை நோக்கிப் போவதுதான் அதன் வழக்கம், எதிர்த்திசையில் தூக்கிவரப் பறவை வேண்டும். அந்த ஊர் மக்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள்.

எங்கள் ஏரியில் ஆண்டுதோறும் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிக்கிறோம். மறுபடியும் மூடிவிடுகிறது. என்ன செய்வது?

கரையில் குவித்தால் அது மட்கி, மழையில் கரைந்து, அதே சத்து ஏரிக்குள் திரும்பிவிடும். அள்ளியதை ஏரிக்குத் தண்ணீர் வடியாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். கூடவே சாக்கடை நுழையும் வாயை அடைத்தாக வேண்டும், மணிச்சத்து அதன் வழியாகவும் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் '226' என்று எண்ணிட்ட ஏரியை 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரிமமும் தழைச்சத்தும் கலந்து, ஒரு பக்கம் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. சோப்புத்தூளில் பாஸ்பேட்டை (மணிச்சத்து உப்பை) குறைக்கப் பல நாடுகள் முன்வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

கழிவை நிறுத்திய அடுத்த ஆண்டே பலன் தெரியாது. அடிச்சேற்றில் தங்கிய மணிச்சத்து சில ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். கோடையில் வண்டலை அள்ளி வயலில் போட்டால் அதுவும் குறையும். உங்கள் ஏரிக்குத் தொழிற்சாலைக் கழிவு வருகிறது என்றால் மட்டும் வண்டலையும் ஆகாயத்தாமரை உரத்தையும் உணவுப் பயிருக்குப் போடாதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை அந்தச் செடி நன்றாக உறிஞ்சி வைத்திருக்கும்.