ஆங்கிலத்தில் ஏ சித்தி, ஆனால் பேச வரவில்லை: வெளிநாட்டுத் திட்டங்கள் என்ன செய்தன?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த உங்கள் மகள் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு நேர்முகத் தேர்வில் வாயடைத்து நின்றதாகவும், ஆங்கிலக் கல்விக்கென வந்த இத்தனை வெளிநாட்டுத் திட்டங்கள் எதைச் சாதித்தன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கான விடையில் பாதி முப்பது வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் இலங்கையில் புதிய ஆங்கிலப் பாடநூல்களும், அன்றாட வாசிப்பையும் எழுத்தையும் சோதிக்கும் புதிய சாதாரண தர வினாத்தாளும் வந்தன. அதன் தாக்கத்தை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வோல், சார்ல்ஸ் ஆல்டர்சன் இருவரும் வகுப்பறைகளை நேரில் அவதானித்து ஆராய்ந்து, 1993இல் வெளியிட்டார்கள். பரீட்சை மாறியதும் ஆசிரியர்கள் கற்பிக்கும் விடயம் மாறியது; கற்பிக்கும் விதம் மாறவில்லை. பரீட்சை நெருங்கினால் மாதிரி வினாத்தாள்தான் பாடம். வெள்ளவத்தை டியூஷன் வகுப்புகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல.

2009இல் இந்திய உதவியோடு ஹைதராபாத்தில் நம் ஆசிரியர்கள் பேச்சு ஆங்கிலப் பயிற்சி பெற்றார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் உங்கள் மகள் எழுதியது எழுத்துப் பரீட்சை. பேச்சுக்குப் புள்ளி இல்லையென்றால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதற்கு யார் நேரம் ஒதுக்குவார்? ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

மகளின் பேச்சைத் தனியாக அளக்க வேண்டுமானால், ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய அளவுகோலின்படி நேருக்கு நேர் பேசவைத்து மதிப்பிடும் பரீட்சை ஒன்றுக்கு அனுப்புங்கள்.