எண்ணெய் வண்ண விரைவோவியத்தில் தூரத்து மலை

பூதப்பாண்டியில் நண்பர் வீட்டு மாடியிலிருந்து வரைந்த எண்ணெய் வண்ண விரைவோவியத்தில் தாடகை மலை வயலுக்கு மேல் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மலைக்கும் வயலுக்கும் ஒரே பச்சையைக் குழைத்ததே காரணமாக இருக்கலாம். இடையிலுள்ள காற்று, அதுவும் காலை ஈரத்தில், தூரத்து மரப்பச்சையை நீலச் சாம்பலாக வெளுத்துக் காட்டும் என்பதால், அல்ட்ராமரைன் நீலத்தோடு வெள்ளையும் துளிச் சிவப்பும் கலந்து மலையைத் தீட்டி, மஞ்சள் கூடிய பச்சையை முன்னாலுள்ள வாழைக்கும் நாற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மலையின் விளிம்பைச் சாயம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நீவினால் போதும்; மேலும் தேய்த்தால் சேறாகிவிடும். 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்த ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், பல படங்களின் பின்புறம் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்தார். நீங்களும் குறித்தால், அடுத்தமுறை அதே வெளிச்சத்துக்கு மாடியேறலாம்.