லினக்ஸ் டிஸ்ப்ளே டிரைவரில் கிளாக் வேகத்தை அமைக்கும் செட்-ரேட் ஃபங்ஷன் 0 (பிழை இல்லை) தருகிறது, ஆனால் என் 1024×600 பேனல் (திரை) 60க்குப் பதில் 58 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏன்?

0 வந்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கேட்ட வேகம் அமையாவிட்டால் லினக்ஸின் கிளாக் ஃபிரேம்வொர்க் தன்னிடம் உள்ளதில் ஒன்றை வைத்துவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் திரும்பிவிடும். உண்மையில் என்ன வைத்தது என்று கெட்-ரேட்டைக் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் கணக்கையே எடுப்போம். பிளாங்கிங்கையும் (படம் வராத இடைவெளி) சேர்த்து ஒரு வரிக்கு 1344 பிக்சல், ஒரு ஃபிரேமுக்கு 635 வரி. இரண்டையும் பெருக்கி, அதை 60ஆல் பெருக்கினால் சுமார் 51.2 மெகாஹெர்ட்ஸ்; வேண்டிய பிக்சல் கிளாக் அதுதான். நீங்கள் காட்டிய கிளாக் பட்டியலில் வீடியோ பிஎல்எல் (மூல கிளாக்கை உண்டாக்கும் சுற்று) 297 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது, அதன்கீழ் இருப்பது முழு எண்ணால் மட்டும் வகுக்கும் டிவைடர். 297ஐ 5ஆல் வகுத்தால் 59.4, 6ஆல் வகுத்தால் 49.5. நடுவில் ஒன்றுமே கிடையாது. உங்களுக்கு 49.5 விழுந்திருக்கிறது; அதுதான் அந்த 58. 60 ஃபிரேம் வீடியோவில் நொடிக்கு இரண்டு ஃபிரேம் விழுங்கப்படுவதால் படம் திக்குகிறது.

இதே சிக்கலில் நான் முதலில் செய்த வேலை, பேரன்ட் கிளாக்கையும் (மேலே உள்ள அந்த பிஎல்எல்) மாற்றலாம் என்று டிவைடருக்கு ஃபிளாக் போட்டது. பேனல் அழகாக 60க்கு வந்தது. பக்கத்திலிருந்த எச்டிஎம்ஐ டிவி ‘சிக்னல் இல்லை’ என்றது. அரை நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்! 1080பி-க்கு வேண்டிய 148.5, அதே 297இல் பாதி. பிஎல்எல்லை நான் நகர்த்தியதும் அதுவும் சேர்ந்து நகர்ந்துவிட்டது.

அப்புறம்தான் புத்தி வந்தது: கிளாக்கை விட்டுவிட்டு பிளாங்கிங்கை மாற்றினேன். 49.5 மெகாஹெர்ட்ஸை 60ஆல் வகுத்தால் 8,25,000. 1320 × 625 சரியாக அதே எண். வரியில் 24 பிக்சலும் ஃபிரேமில் 10 வரியும் குறைத்தால் போதும். டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச அளவுகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ பக்கம் இந்த விளையாட்டு வேண்டாம். அங்கே டைமிங் வரையறுக்கப்பட்டது, கிளாக் அரை சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால், மோட் (தெளிவும் டைமிங்கும்) செல்லுமா என்று டிரைவர் பார்க்கும் மோட்-வாலிட் கட்டத்திலேயே அந்த மோடை நிராகரிப்பதுதான் சரி.

டிரைவரில், அட்டாமிக் செக்கில் (மாற்றத்தை அமல்படுத்துமுன் சரிபார்க்கும் கட்டம்) உண்மையில் எந்த வேகம் கிடைக்கும் என்று ரவுண்ட்-ரேட் ஃபங்ஷனிடம் கேட்டு, வரும் விடையை அட்ஜஸ்டட் மோடின் (டிரைவர் திருத்திய மோட்) சிஆர்டிசி கிளாக் என்ற புலத்தில் எழுதுங்கள். விபிளாங்க் (இரு ஃபிரேமுக்கு இடைப்பட்ட இடைவெளி) நேரக் கணக்கு அதை வைத்துத்தான் நடக்கிறது. மோடில் இருப்பது கிலோஹெர்ட்ஸ், கிளாக் ஃபங்ஷன்கள் கேட்பது ஹெர்ட்ஸ். அந்த 1000ஐ மறந்து ஒருமுறை கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று: குறைப்பதை ஃபிரன்ட் போர்ச்சில் (படம் முடிந்து சிங்க் சிக்னல் வரும்வரை உள்ள இடைவெளி) குறையுங்கள். படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் டிஇ சிக்னல் இல்லாமல் சிங்க்கை மட்டும் நம்பும் பேனலாக இருந்தால், பேக் போர்ச்சை (சிங்க்குக்குப் பின் படம் தொடங்கும்வரை உள்ள இடைவெளி) தொட்டதும் படம் இடம் தள்ளிப்போய்விடும்.