கழுத்துக் கருமை: அழுக்கா, இன்சுலின் எதிர்ப்பா?

"கழுத்தின் பின்புறம் கறுத்துவிட்டது, சோறு சாப்பிட்டதும் கண் சொக்குகிறது. இது இன்சுலின் எதிர்ப்பா? சோற்றை அடியோடு விட்டுவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இதற்குள் யாராவது பீர்க்கங்காய் நாரையும் கடலை மாவையும் கையில் திணித்திருப்பார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உறவுக்காரர் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து நின்ற பெரியம்மா, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து என் கழுத்தை அழுந்தத் தேய்த்தார். நான் பூசியிருந்த பவுடர்தான் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. கருமை அப்படியே இருந்தது. "சேலைக்கு இவ்வளவு செலவழித்தாயே, ஒழுங்காகத் தேய்த்துக் குளித்தால் என்ன?" என்றார், எதிர்வரிசைக்கும் கேட்கும்படி.

அது அழுக்கே இல்லை. மடிப்புகளில் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுக்கும் அந்தத் தோலுக்கு அகாந்தோசிஸ் நிக்ரிக்கன்ஸ் என்று பெயர். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்குத் தசையும் ஈரலும் சரிவர இசையாததுதான் இன்சுலின் எதிர்ப்பு. அப்போது கணையம் இன்சுலினை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன அந்த இன்சுலின் தோல் அணுக்களை வளரத் தூண்டுகிறது. நார் போட்டுத் தேய்த்தால் புண்தான் மிஞ்சும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. எனக்கு அக்குளில் சிறு மருக்கள் இருந்தன, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனது. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ஆசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும். கண் சொக்குவதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்குத்தான் சொக்காது?

வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.7 மில்லிமோல் என்றதும் ஒரு தனியார் கிளினிக்கில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டும்வரை அந்த அளவு நல்ல பிள்ளையாகவே இருக்கும். பிறகு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தேன்: 6.1 விழுக்காடு. மலேசிய வழிகாட்டியின்படி இந்தப் பரிசோதனையில் 5.7 முதல் 6.3 விழுக்காட்டுக்குக் கீழ்வரை இனிப்புநீரின் (நீரிழிவின்) முன்கட்டம்.

சோற்றை நான் விடவில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) தட்டுதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். முதலில் கங்கோங் கீரையும் மீனும், கடைசியில்தான் சோறு. விட்டொழித்தது, காலையில் ரொட்டி சானாயோடு குடித்த தே தாரிக்கை, அதாவது இனிப்புக் கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீரை. முதல்முறை பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்டபோது கடைக்காரர், "என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்றார். ஓராண்டில் எச்பிஏ1சி 5.6க்கு இறங்கியது. கழுத்தும் ஓரளவு வெளுத்தது, முழுவதும் இல்லை.

உடனே ஒருவர் வருவார்: "எங்கள் பாட்டி மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டார்?" சாப்பிட்டார் ஐயா. விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர் பால்மரம் சீவி, வாளி சுமந்தவர் அவர். உழைக்கும் தசை இன்சுலின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நான் ஹார்ட்வேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பலருக்கு அது தேவை, அதை மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பிட்டபின் நடக்கச் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? தோட்டத்தை அழித்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டியவர்கள் வாசலில் பெரிய வளைவு வைத்தார்கள், நடைபாதை வைக்கவில்லை. தெருவிளக்குகளில் பாதி எரிவதில்லை, செம்பனை லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. புகார் எழுதிக் கொடுத்தால் "குறித்துக்கொண்டோம்" என்பார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்து குறித்துக்கொள்கிறார்கள். கோயில் திடலைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீங்கள் எச்பிஏ1சியோடு கொழுப்பு, இரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைச் சட்டென்று குறைக்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குதல் இருந்தால் நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குப் போங்கள்.