பள்ளத்தை நிரப்பும் முன்: தரை மட்டம் குறித்த கேள்விகள்

அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டில் குழித்தறி இருந்த இடத்தை 20 ஆண்டுகளுக்கு முன் மண் போட்டு மூடினோம். இப்போது டைல்ஸ் போடப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. கலவையைக் கூடுதலாக வைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

வேண்டாம். தறிக்குழியை மூடும்போது கையில் கிடைத்த இடிபாட்டையும் மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுவது வழக்கம். அது உள்ளுக்குள் அமர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஏற்றும் கலவை அதைத் தடுக்காது, பாரத்தைத்தான் கூட்டும். பிறகு குழியின் விளிம்பு எங்கே இருந்ததோ அங்கேயே, கோடு கிழித்தாற்போல் டைல்ஸ் விரியும். எனவே குழியின் நான்கு பக்கமும் அரையடி தள்ளித் தரையை வெட்டியெடுத்து, கெட்டி மண் வரும்வரை தோண்டுங்கள். அரையடிக்கு ஒரு அடுக்காக கிராவல் மண் போட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்து, ‘பொத்’தென்று விழும் திமிசுக்கட்டையின் சத்தம் ‘டங்’கென்று மாறும்வரை இடிக்க வேண்டும். அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட் போடுங்கள்; சுற்றிலும் விட்ட அரையடி, அது பழைய கெட்டித் தரையின்மேல் தாங்கி நிற்பதற்காகத்தான். குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டியபிறகு டைல்ஸ் வேலையைத் தொடங்கலாம்.

ஏற்காட்டில் தரைத்தள அறைக்கு மரத்தோற்ற வினைல் பலகை போட வேண்டும். தரையில் அங்கங்கே 8 மில்லிமீட்டர் வரை பள்ளம் இருக்கிறது.

இந்தப் பள்ளத்துக்குத் தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவையே போதும். தூசியை முழுதாக நீக்கிப் பிரைமர் அடித்தபிறகே அதை ஊற்றுங்கள். இல்லையேல் பழைய தரையின் நுண்துளைகளிலிருந்து காற்று கிளம்பி மேற்பரப்பு குமிழ் குமிழாகிவிடும். உலர்ந்தபின் 2 மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்க்கையில் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. ஆனால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் புகும் ஊரில் பள்ளத்தைவிட ஈரமே எனக்குக் கவலை தருகிறது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் மேற்புறம் நனைந்திருந்தால் அது மூடுபனியாக இருக்கலாம். அடிப்புறம் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் தரையில் இருக்கிறது, அதைத் தடுக்காமல் கலவை ஊற்றாதீர்கள். கோடையில் இச்சோதனை ஏமாற்றும். ஐப்பசி மழையில் செய்வதே மேல்.

செவ்வாய்ப்பேட்டை வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரைமேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டலாமா?

முதலில் சுத்தியல் காம்பால் தரை முழுதும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடங்களைப் பெயர்த்து நிரப்பிவிட்டு, மற்ற இடத்தின் வழவழப்பு போக நெருக்கமாகக் கொத்திவிட்டால் ஒட்டலாம். அந்தப் பளபளப்பைக் கொத்துவதற்கு எனக்கே மனம் வராது என்பது வேறு விஷயம். டைல்ஸும் கம்மும் சேர்ந்து தரை அரை அங்குலமாவது உயரும். கதவின் அடியை எவ்வளவு இழைக்க வேண்டும் என்று ஆசாரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.