தெருவுல சாக்கடை பொங்குது, கவுன்சிலர் போனே எடுக்கல

நேரா மெட்ரோ வாட்டரோட (சென்னை குடிநீர், கழிவுநீர் வாரியம்) 1916 நம்பருக்கு போன் போடுங்க. ஓட்டு கேட்டு வந்தப்போ சரி பண்றேன்னு சொன்ன கவுன்சிலர் எடுக்கல, 1913-லயும் பதில் இல்லன்னு எழுதியிருக்கீங்க, ஆனா சென்னையில பாதாள சாக்கடை மெட்ரோ வாட்டர் பொறுப்பு, 1913 மாநகராட்சியோடது, அங்கதான் உங்க புகார் மாட்டியிருக்கும்னு நினைக்கிறேன்.

ஒண்ணு பாருங்க, மழையே இல்லாத நாள்ல காலைல எல்லாரும் குளிக்கிற நேரத்துல சாக்கடை மூடி ஓரமா சோப்பு நுரையோட பொங்குதுன்னா அது கழிவுநீர்தான். மழைக்கு மட்டும் தேங்குதுன்னா மழைநீர் வடிகால், அது மாநகராட்சி வேலை.

சில தெருவுல கழிவுநீரை மழைநீர் வடிகால்ல விட்டிருப்பாங்க, அப்போ ரெண்டு ஆபீசும் வரணும், அங்கதான் கவுன்சிலர் தேவைப்படுவார், புகார் எண்ணோட நாலு பேரா போய் நில்லுங்க.

அவசரத்துல காசு குடுத்து யாரையும் சாக்கடைக்குள்ள இறக்கிடாதீங்க, கையால மலம் அள்ளுறதை தடை பண்ற 2013 சட்டப்படி குத்தம், விஷவாயுல ஆள் உயிரே போயிடும்.